தேய்ந்ததுதான் வரும்

பழைய மோட்டார்கள் தாமாகவே பட்டறைக்கு நடந்து வரத் தொடங்கிய வருடத்தில்தான் வெங்காயமும் விலை ஏறியது. இரண்டில் வெங்காயத்தைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள். முதலில் வந்தது ஒரு தண்ணீர் மோட்டார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அறுந்த ஒயரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு, சாலையின் இடது ஓரமாகவே அது ஊர்ந்து வந்ததாகப் பேருந்துக்கு நின்றவர்கள் சொன்னார்கள். பட்டறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் அப்போது கடைசல் பிடிக்கும் லேத்தை விற்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து தொட்டுப் பார்த்தார். அவ்வளவு தூரம் வந்த களைப்பில் சூடாக இருந்தது. பேரிங் போயிருக்கிறது என்றார்.

"யாரோடதுன்னு தெரியாம கை வைக்காதீங்க," என்றாள் அவர் மனைவி.

"அதுவா வந்துச்சு. நானா தூக்கிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு அவர் அதை இடுப்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனார். சாயங்காலம் அதன் சொந்தக்காரர், சாலையில் சொட்டியிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார். மோட்டார் நடந்ததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. சொல்லாமல் போனதில்தான் வருத்தம்.

பட்டறையை ரிப்பேர் கடை என்று யாராவது சொன்னால் பட்டறைக்காரருக்குச் சுர்ரென்று ஏறும். ரிப்பேர் என்பது எது போயிற்றோ அதை மட்டும் பார்ப்பது. இங்கே வரும் எதையும் கடைசித் திருகாணி வரை பிரித்துவிடுவார்கள். மனைவி ஒவ்வொரு பாகத்தையும் தொட்டியில் ஊறவைத்துக் கழுவித் துடைத்துக் கொடுப்பாள். அவர் மைக்ரோமீட்டரால் அளந்து மூன்று தட்டுகளில் போடுவார். அளவுக்குள் இருப்பது ஒரு தட்டு. உலோகம் ஏற்றிக் கடைந்து எடுத்தால் மறுபடி அளவுக்கு வரக்கூடியது ஒரு தட்டு. எதற்கும் ஆகாதது உருக்கப் போகும் தட்டு. அதற்குப் பதிலாக அதே வகை மோட்டார் ஒன்றிலிருந்து நல்ல பாகம் எடுத்துப் போடுவார்கள். பிறகு பூட்டி, ஓட்டிப் பார்த்து, புதிய மோட்டாருக்குக் கடைக்காரன் கொடுக்கும் அதே உத்தரவாதத்தோடு அனுப்புவார்கள். ஒரு காலத்தில் அந்த முற்றத்தில் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பிறகு அட்டைப்பெட்டியில் அடைத்த புது மோட்டார்கள் வந்தன. பழையதைக் கழுவும் கூலிக்கே புதிது கிடைத்தது. ஆட்களில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டப் போனார், ஒருவர் ஏதோ கட்டடத்துக்குக் காவலாளி ஆனார், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிஞ்சினார்கள்.

முதல் மோட்டார் திரும்பிப் போன வாரத்திலிருந்து மற்றவையும் வர ஆரம்பித்தன. குளிர்பெட்டி கம்ப்ரஸர்கள் முனகிக்கொண்டே வந்தன. சீலிங் ஃபேன்கள் இறக்கைகளை ஊன்றி நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தன. பல் மருத்துவரின் நாற்காலி ஒன்று நிமிர்ந்தும் சாய்ந்தும் தெருவைக் கடந்தபோது போக்குவரத்துக் காவலர் கை நீட்டிப் பேருந்துகளை நிறுத்தினார். கீழே விழுந்து உடைந்தது எதுவும் வரவில்லை. உழைத்து உழைத்துத் தேய்ந்தது மட்டும் வந்தது. வாசலில் வரிசையாக நின்று, ஒன்றை உள்ளே எடுத்தால் மற்றவை ஓரடி நகர்ந்துகொண்டன. தாமாக வந்தவற்றுக்கு எதற்குக் கூலி என்று கேட்டவர்கள்தான் அதிகம். புருஷனும் பெண்டாட்டியும் வாசலை அடைத்துப் பார்த்தார்கள். அடைத்த கதவுக்கு வெளியே அவை சேர்ந்து எழுப்பிய இரைச்சலில் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் நிமிர நேரமின்றி வேலை செய்தார்கள். வரிசை குறையவில்லை, கையில் காசு எதுவும் நிற்கவில்லை, பட்டறைக்காரரின் விரல்கள் அளவு பார்க்கும்போது நடுங்க ஆரம்பித்தன.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள், பட்டறைக்காரரின் அக்கா. தெருவில் அவளுக்கு மெத்தை என்று பெயர். கல்யாணமாகிப் போன வீட்டில், இவள் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டாள் என்று சொல்லி வருடம் திரும்புவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். வந்தவள் பின்னறைக் கட்டிலில் படுத்தாள். தலைமுடி நரைத்தது, கட்டிலின் கயிறு பல தடவை மாற்றப்பட்டது, அவள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்கு எழுவாள், குளிக்க எழுவாள், அவ்வளவுதான். மழை வந்தால் கொடியில் காயும் துணி நனைவதைச் சன்னல் வழியாகப் பார்த்து, "நனையுது," என்று தகவல் சொல்வாள். தம்பி பெண்டாட்டி அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஒரு தம்ளரைக்கூட அவள் கழுவி வைத்ததில்லை. மோட்டார்கள் வந்தபோதும் அவள் சொன்னது ஒன்றுதான். சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்றாள்.

பட்டறைக்காரருக்கு ஒரே மகள். ஆட்கள் வேலையை விட்டுப் போன அதே வருடத்தில் அவளும் போனாள், வேறு ஊரில் ஒரு நூல் ஆலைக்கு. அங்கே ஓடும் நூல் அறும்போதெல்லாம் முடிச்சுப் போடுவது அவள் வேலை. மாதம் தவறாமல் பணம் வந்தது. வாரம் தவறாமல் போன் வந்தது. நல்லா இருக்கேன்மா என்பாள். வருடங்கள் போகப் போக அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்தது. தாய்க்காரி போன்தான் சரியில்லை என்று நினைத்து அதைத் தட்டித் தட்டிக் கேட்டாள், பிறகு வேறு போன் வாங்கச் சொன்னாள். மகள் சரி என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசல் தெளிக்க வந்த தாய்க்காரி, ஒரு குளிர்பெட்டி கம்ப்ரஸருக்கும் மிக்ஸி மோட்டாருக்கும் நடுவில் மகள் நிற்பதைப் பார்த்தாள். தோளில் பை இருந்தது. செருப்பு குதிகால் பக்கம் காகிதமாகியிருந்தது. ஆலையில் வருகை பதியும் இயந்திரம் அவள் விரலை வைக்கச் சொன்னதாம். வைத்தாள். அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னதாம். விரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அங்கிருந்து திரும்பியவள் எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. கால் நடந்தது, வந்துவிட்டாள்.

"உள்ள வாடி," என்று தாய்க்காரி கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு முன்னாடி ஆள் இருக்கும்மா," என்றாள் மகள், கம்ப்ரஸரைக் காட்டி.

எவ்வளவு கெஞ்சியும் அவள் வரிசையை விட்டு வரவில்லை. முறை என்றால் முறைதான் என்று ஆலையில் பழக்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் முன்னால் நின்றவற்றை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் பிரிக்க, தாய்க்காரி மகளுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தபோது அவள் நின்றபடியே சாப்பிட்டாள். அவள் முறை வர மறுநாள் மதியமானது.

மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லா முடிவும் சரியாக இருந்தது. சத்து மாத்திரை கொடுத்து ஓய்வு எடுக்கச் சொன்னார் மருத்துவர். ஆனால் அவளால் ஓய்வெடுக்க முடியவில்லை. படுத்தால் கண் மூடாது. உட்கார்ந்தால் முதுகு நிற்காது. விரல்களை மடக்கினால் முழுதாக மூடாது. நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தாள். சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது வெயில் அவள் மணிக்கட்டு வழியாக ஊடுருவித் தரையில் விழுந்ததைத் தாய்க்காரி பார்த்தாள். சுவருக்குத் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று பட்டறைக்காரர் வேலை மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த வேட்டி ஒன்றை அதன்மேல் விரித்தார்.

"அது பொண்ணுங்க," என்றாள் மனைவி. "பம்பு இல்ல."

"தெரியும்," என்றார். "எனக்கு வேற எதுவும் தெரியாதே."

மகள் தானாக வந்து மேசையில் படுத்தாள். பிரிப்பதில் ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. கூசுதுப்பா என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். தாய்க்காரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். இவளைப் பிறந்த அன்று குளிப்பாட்டியதும் இதே கைதான் என்பது நினைவுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தாள். கண்கள் அளவுக்குள் இருந்தன. இதயம் நன்றாக இருந்தது. சிரிப்பு பாக்கெட்டே பிரிக்காத மாதிரி இருந்தது, அந்த வருடங்களில் அதற்கு வேலை வரவில்லை. கைகள் இரண்டும் போயிருந்தன. முட்டிகள் போயிருந்தன. முதுகில் நடுப்பகுதி சப்பையாகியிருந்தது. தூக்கம் என்பது கைக்குள் அடங்கும் ஒரு பேரிங் போல இருந்தது, உள்ளே ஒரு குண்டுகூட உருண்டையாக இல்லை, அசைத்தால் கடகடவென்றது. பொறுமை ஒரு ஸ்பிரிங். அதை இழுக்கக்கூடிய அளவுக்கு மேல் யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள், சுருங்க மறந்து தொளதொளவென்று கிடந்தது.

உலோகம் ஏற்றிக் கடைந்தாலும் இவை பழைய அளவுக்கு வராது. பதிலுக்கு அதே வகை பாகம் வேண்டும். தாய்க்காரி புடவையை முட்டிக்கு மேல் தூக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள், என்னுடையதை எடுங்கள் என்றாள். பட்டறைக்காரர் முட்டியை அளந்தார். கையை அளந்தார். தூக்கத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டு மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தார்.

"என்ன, சொல்லுங்க."

"உன்னோடது அவளோடதவிட மோசம்."

"அது எனக்கே தெரியுமே," என்றாள் அவள். எதைக் கண்டுபிடித்துவிட்டதாக இவர் முகம் இப்படிப் போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவருடைய பாகங்கள் அளவு பொருந்தவில்லை. சித்தி, பெரியம்மா, அவர்களின் மகள்கள் என்று சொந்தத்தில் இருந்த பெண்களையெல்லாம் போய்ப் பார்த்தார். பல பேர் முகம் சுளிக்காமல் கையை நீட்டினார்கள். ஒருத்தியிடமும் அளவுக்குள் ஒன்றும் இல்லை. பள்ளி ஆசிரியையாக இருந்த சித்தி மகளுக்குத் தொண்டை போயிருந்தது. எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் பெரியம்மாவுக்கு உள்ளே ஸ்பிரிங் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கயிறு கட்டியிருந்தது. இதற்கிடையில் மகள் தட்டுகளில் கிடந்தாள். காற்றுப் படப் பட விளிம்புகளில் பழுப்புப் பூக்க ஆரம்பித்தது. தாய்க்காரி காலையும் மாலையும் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி, மேலே ஈரமில்லாத துணியைப் போர்த்திவைத்தாள். வாசலில் மோட்டார்கள் இரைச்சலை நிறுத்திவிட்டு நின்றன.

அந்த அமைதியில்தான் அக்கா எழுந்து வந்தாள். பட்டப்பகலில், சாப்பாட்டு நேரமும் இல்லாதபோது அவள் பின்னறையை விட்டு வந்ததை அந்த வீடு பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மேசை வரைக்கும் வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்தாள்.

"அளந்து பாருடா," என்றாள் தம்பியிடம். "நான் என்னைக்கு வேலை செஞ்சேன். எல்லாம் புதுசாத்தான் இருக்கும்."

இருந்தது. முட்டியில் கடைசல் போட்ட கோடுகள்கூட அழியவில்லை. தூக்கத்தைக் கையில் வைத்துச் சுண்டினார், சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டறைக்காரர் அத்தனை வருட வேலையில் அப்படி ஒரு பாகத்தைத் தொட்டதில்லை. அவர் அழுதார்.

மனைவி அழவில்லை. கையைத் துடைத்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். "எப்படித் தேயும்," என்றாள். "உங்களுக்கும் சேத்து நான்ல தேஞ்சேன் அண்ணி."

அக்கா மறுக்கவில்லை. "கட்டிட்டுப் போன வீட்டுல முதல் நாள் பந்தியில உக்காந்தேன்," என்றாள். "எனக்குப் பரிமாறினாளே மாமியார், அவ விரலைப் பாத்தேன். கரைஞ்ச சோப்பு மாதிரி இருந்துச்சு. எதிர்ல ஓரகத்தி. அவளுக்கும் பாதி கரைஞ்சிருச்சு. அடுத்தது நான். பயந்துட்டேன். சோம்பேறின்னு பேர் வாங்கிட்டா விட்டுடுவாங்கன்னு படுத்தேன், அப்புறம் எழுந்திருக்கத் தெரியல. உன் தலையிலதான் விடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா? சன்னல் வழியா பாத்துட்டுத்தானே கிடந்தேன்."

"இப்போ அவளுக்குக் குடுக்குறீங்க. எனக்கில்லையே."

"ஒரு செட்டுதான் இருக்கு," என்றாள் அக்கா. "யாருக்குன்னு நீயே சொல்லு."

பட்டறைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கண்ணாலேயே அடக்கினாள். மனைவி தன் கைகளைப் பார்த்தாள். சுற்றுவதை இன்னும் நிறுத்தாத அந்தத் தூக்கத்தைப் பார்த்தாள். ஒரு பெண் அப்படிப் பார்த்ததை எழுதுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு மகள் நினைவே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். பிறகு அவள் துணியை மேசைமேல் போட்டுவிட்டு, "அவளுக்கே போடுங்க," என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய், வரிசையில் நின்ற ஒரு ஃபேனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மகளுக்கு அத்தையின் பாகங்கள் பூட்டப்பட்டன. கைகள் கொஞ்சம் பெரிதாக இருந்தன, மற்றபடி சரியாக உட்கார்ந்தன. மகளிடமிருந்து எடுத்ததையெல்லாம் பட்டறைக்காரர் உலோகம் ஏற்றி, முடிந்தவரை கடைந்து, அக்காவுக்குப் பூட்டினார். இதற்கு உத்தரவாதம் தரமுடியாதுக்கா என்றார். எனக்கெதுக்குடா உத்தரவாதம் என்றாள் அவள். மகள் தூங்கினாள். வாரக் கணக்கில் தூங்கினாள். நடுநடுவே எழுந்து சாப்பிட்டு மறுபடி தூங்கினாள். வெயில் அவள்மேல் விழுந்தால் அவளோடு நின்றது.

அக்கா விடிவதற்கு முன் எழுந்தாள். எழுந்து வெறும் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் அவள் சொல் கேட்கவில்லை. பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள், கால்கள் ஒரு நீளமான இயந்திர வரிசையின் ஓரமாக நடப்பதுபோல முற்றத்தில் போய்த் திரும்பின. "நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கா உன் மக," என்று தம்பி பெண்டாட்டியிடம் வந்து சொன்னாள். "முட்டி சொல்லுது. பாத்ரூம் போறதுக்கு அனுமதி கேட்டுக் கேட்டு, போறதையே நிறுத்திட்டா போல. உங்கிட்ட சொன்னாளா?" சொல்லவில்லை என்றாள் அவள். இருவரும் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சரியானதைத் தேடி அதன் சொந்தக்காரர்கள் வருவது வழக்கம்தானே. ஆலையிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார், மரியாதையான மனிதர். சரியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அனுப்பிவையுங்கள் என்றார். புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு இவள் அளவுக்குக் கை ஓடவில்லை என்று வருத்தப்பட்டார். இங்கே சரிசெய்ததையெல்லாம் உரியவரிடம் திருப்பி அனுப்புவதுதான் அதுவரை முறை. அதனால் பட்டறைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் கட்டிலில் படுத்தபடியே, "முடியாதுங்க," என்றாள். கோபமோ பயமோ இல்லாமல் சொன்னாள். அந்த முதுகில் அதற்குத் தேவையான பாகம் இருந்தது. மேற்பார்வையாளர் ஆலையின் விதிகளை எடுத்துச் சொன்னார். அவர் இரண்டாவது விதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் தூங்கிவிட்டாள். தூங்குகிறவளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்ததென்று சொல்லமுடியாது. ஏற்றிய உலோகம் அக்காவிடம் மழைக்காலம் வரைதான் தாங்கியது. ஒரு காலையில் அவள் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பி, முன்வாசல் வழியாக வெளியே போய், வரிசையின் கடைசியில் நின்றாள். மகள்தான் முதலில் பார்த்தாள். அப்போது அவள் பட்டறை வேலை கற்றுக்கொண்டு அப்பாவுக்குப் பதிலாக அளவு பார்த்துவந்தாள். அத்தையை அழைத்து வந்து மேசையில் உட்காரவைத்து, தன் தூக்கத்தையும் முட்டியையும் கழற்றி, அத்தையினுடையதோடு மாற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று அக்கா சண்டை போட்டாள். "கொஞ்ச நாளைக்குத்தான் அத்தை, திருப்பி வாங்கிப்பேன்," என்றாள் மகள். திருப்பி வாங்கியும் கொண்டாள், அடுத்த கோடையில். அதற்கடுத்த முறை இருவருமாகச் சேர்ந்து, வேண்டாம் என்று முறைத்துக்கொண்டிருந்த தாய்க்காரியை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மேசைக்கு இழுத்துவந்தார்கள். அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து தூங்காததையெல்லாம் தூங்கினாள். பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் கை காட்டி அமர்த்தினார்.

அந்த நல்ல செட்டும் தேயத்தான் செய்கிறது. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் மகள் அதை அளக்கிறாள். எவ்வளவு என்று மற்ற இருவரும் கேட்பதில்லை. இன்னும் இருக்கு என்று அவளாகச் சொல்கிறாள். வாசலில் வரிசை இப்போது பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருக்கிறது. மோட்டார்களுக்கு நடுவில் சில நாள் ஒரு நர்ஸ், சில நாள் ஒரு கண்டக்டர், கைக்குழந்தையோடு ஒருத்தி. வந்தவர்களைப் போகச் சொல்வதில்லை. பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு, கடைந்தால் வரக்கூடியதைக் கடைந்து பூட்டி அனுப்புகிறார்கள். பதிலுக்குப் போடப் பாகம் இல்லாதவர்களிடம் இல்லை என்று சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். வீட்டைப் பற்றிச் சொல்வதென்றால், காலையில் அங்கே மூன்று பெண்களில் ஒருத்தி வெயில் ஏறும் வரை தூங்குவாள், மற்ற இருவரும் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பார்கள்.